தூக்கத்தைக் கணக்கிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள்

சென்ற வாரம் சித்தி மகன் தொலைபேசியில் அழைத்தான். ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் சீசன் வேலைக்கு அவன் தேர்வாகியிருக்கிறான். பணி நியமனக் கடிதத்தோடு தங்குமிடத்துக்கான படிவமும் வந்திருக்கிறது. அதை நிரப்பி அனுப்ப ஐந்து நாள் அவகாசம். "அண்ணா, பூங்காவுக்குள்ளேயே ஹாஸ்டல் இருக்கு, நாலு பேருக்கு ஒரு ரூம். இல்லேன்னா எட்டு கிலோமீட்டர் தள்ளி அபார்ட்மென்ட், ரெண்டு பேருக்கு ஒரு ரூம், கிச்சனும் உண்டு. வாடகையில பெரிய வித்தியாசம் இல்ல. எதை டிக் பண்ணட்டும்?" என்று கேட்டான். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டேன். ரோலர் கோஸ்டர் இயக்கும் பிரிவு என்றான். பூங்கா இரவு எத்தனை மணிக்கு மூடும், அபார்ட்மென்டுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. மாறாக, இரண்டு இடங்களின் புகைப்படங்களையும் அனுப்பிவைத்தான்.

நானும் முதல் முறை புகைப்படங்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். இரண்டு சீசன்கள் அப்படிப்பட்ட ஒரு பூங்காவில் சவாரிகளை இயக்கும் பிரிவில் வேலை செய்தேன். முதல் ஆண்டு தொலைவிலிருந்த அபார்ட்மென்டிலும், மறு ஆண்டு பூங்காவை ஒட்டிய விடுதியிலும் தங்கினேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவத்தில், தங்குமிடத்தை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது குறித்து எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவனிடம் அரைமணி நேரம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

பூங்கா நிர்வாகங்கள் ஏன் தங்குமிடம் தருகின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இவ்வகைப் பூங்காக்களுக்கு நிறைய இடம் வேண்டும். அதனால் அவை பெரும்பாலும் ஊரை விட்டு விலகியே அமைகின்றன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சீடர் பாயின்ட் பூங்கா 1870 முதல் ஈரி ஏரிக்குள் நீளும் ஒரு குறுகிய நிலப்பகுதியின் மீது இருந்துவருகிறது. பாரிஸ் டிஸ்னிலாண்ட், 1992-இல் திறக்கப்பட்டபோது, நகரத்துக்குச் சுமார் 32 கிலோமீட்டர் கிழக்கே விளைநிலங்களாக இருந்த பகுதியில் எழுந்தது. சில மாதங்களுக்கு மட்டும் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்படுகிற இடத்தில், அத்தனை பேருக்கும் அக்கம்பக்கத்தில் வாடகை வீடு கிடைக்காது. ஆகவே இத்தகைய பூங்காக்கள் தாமே விடுதி கட்டுகின்றன, அல்லது கட்டடங்களை மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் பணியாளர்களுக்குப் பிரித்துத் தருகின்றன.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1961-இல் வெளியிட்ட 115-ஆம் எண் பரிந்துரை தொழிலாளர்களின் வீட்டுவசதியைப் பற்றியது. முதலாளியே நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதன்று என்கிறது அது. வேலையிடம் மக்கள் வாழும் பகுதியிலிருந்து வெகுதொலைவில் இருந்தாலோ, அழைத்தவுடன் வந்து நிற்க வேண்டிய வேலையாக இருந்தாலோ மட்டும் அதை விதிவிலக்காக ஏற்கிறது. நமக்குக் கிடைக்கும் அறை இந்த இரண்டு காரணங்களுக்காகவே இருக்கிறது. அது வேலையின் ஒரு பகுதி. ஆகவே அதை வீடு பார்ப்பதுபோல் சுவர், சன்னல், சோபா என்று பார்க்காமல், அந்த வேலையைச் செய்துவிட்டு வரும் உடம்புக்கு அது என்ன தரும் என்று பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அந்த உடம்புக்கு வேண்டியது தூக்கம். சீசன் உச்சத்தில் இருக்கும்போது பணம்கூட ஓவர்டைமில் கிடைத்துவிடும், தூக்கம் கிடைக்காது.

முதல் ஆண்டு நான் எடுத்த அபார்ட்மென்ட் பூங்காவிலிருந்து ஏழு கிலோமீட்டர். இருவருக்கு ஓர் அறை, பெரிய சன்னல், தனிச் சமையலறை. பணியாளர் பேருந்து உண்டு என்று படிவத்தில் போட்டிருந்தது. அதோடு நான் திருப்தி அடைந்துவிட்டேன். பூங்கா இரவு பத்து மணிக்கு மூடும், கடைசிப் பேருந்து பதினொன்றேகாலுக்கு. காகிதத்தில் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் இடைவெளி இருக்கிறது. ஆனால் பூங்கா பத்து மணிக்கு மூடுகிறது என்றால் பத்து மணிக்கு வரிசையின் வாயிலை மூடுகிறார்கள் என்றுதான் பொருள்; அதற்குள் வரிசையில் வந்து நின்றுவிட்ட ஒவ்வொருவரையும் ஏற்றி இறக்கிய பிறகே சவாரியை நிறுத்த முடியும். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அந்த வரிசை நாற்பது நிமிடத்துக்கும் குறையாது. அதன் பிறகு பெட்டிகளை உரிய இடத்தில் நிறுத்தி, இருக்கைகளைத் துடைத்து, தொலைந்த பொருட்களைப் பதிவுசெய்து, சாவிகளை ஒப்படைத்து, சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்கி, பூங்காவின் மறுகோடியிலுள்ள வருகைப்பதிவு இயந்திரம்வரை நடக்க வேண்டும்.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதரை மணிக்குச் சவாரி ஒரு சென்சார் கோளாறால் இருபது நிமிடம் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் கலையவில்லை. எல்லாம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஓடியபோது மணி பதினொன்று பத்தொன்பது. பேருந்தின் பின்விளக்குகள் வளைவில் திரும்புவதைப் பார்த்தபடி நின்றேன். நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக, நாள் முழுவதும் கான்கிரீட் மேடையில் நின்ற கால்களோடு, ஏழு கிலோமீட்டர் நடந்தேன். கதவைத் திறந்தபோது ஒரு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டியிருந்ததால் வெந்நீர் ஊற்றி அதைக் கழற்ற வேண்டியிருந்தது. மறுநாள் எனக்குத் திறப்பு ஷிப்ட். எட்டு மணிக்குப் பதிவு; ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க ஆறு மணிக்கு எழ வேண்டும். நாலரை மணி நேரம் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் நடந்த ஒன்று இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பயணிகள் ஏறியதும் ஒவ்வொரு வரிசையாகச் சென்று பாதுகாப்புக் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்தியும் மேல்நோக்கி இழுத்தும் பார்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். மூன்றாம் வரிசையைத் தாண்டி நான்காவதுக்கு வந்தபோது, மூன்றாவதை இழுத்துப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. ஒரு விநாடிக்கு முந்தைய செயல் அது. திரும்பிப் போய் மீண்டும் இழுத்தேன், பூட்டியிருந்தது. அந்த வரிசையில் ஒரு சிறுமியும் அவளுடைய தாத்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். சிறுமி சிரித்தபடி தானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அன்று முழுவதும் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை பார்த்தேன். அன்றைக்குத்தான், நான் எங்கே தங்குகிறேன் என்பது என்னுடைய சொந்த விஷயம் மட்டுமல்ல என்று புரிந்தது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு இணையாகவோ அதைவிட மோசமாகவோ குறைகிறது என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குச் சாவியை ஒப்படைப்பவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

ஆகவே படிவத்தை நிரப்பும் முன் ஒரு தாளை எடுத்து, சீசனின் மிக மோசமான ஒரு நாளை எழுதிப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். மூடும் நேரத்தை எழுதி, அதோடு வரிசை தீரும் நேரம், அடைப்பு வேலைகள், வருகைப்பதிவுவரை நடை, பேருந்துக்குக் காத்திருத்தல், பயணம், குளியல், சாப்பாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். மறுநாள் திறப்பு ஷிப்டுக்கு எழ வேண்டிய நேரத்தையும் பின்னிருந்து கணக்கிடுங்கள். சவாரிப் பிரிவு என்றால், பூங்கா திறக்கும் முன் நடக்கும் தினசரிச் சோதனைக்காக நீங்கள் வெகுமுன்பே அங்கே இருக்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால், அந்தத் தங்குமிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உரியதன்று. வளர்ந்தவர்களுக்கு அன்றாடம் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. மூடும் ஷிப்டை அடுத்துத் திறப்பு ஷிப்ட் வருமா, இரண்டுக்கும் இடையில் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று பணியமர்த்தும் அலுவலகத்திடம் எழுத்திலேயே கேட்கலாம். கேட்பதால் வேலை போய்விடாது.

தூரத்தையும் கிலோமீட்டரில் அளப்பதைவிட, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் எப்படி வீடு சேர்வேன் என்ற கேள்வியால் அளப்பது சரியாக இருக்கும். இரண்டு கிலோமீட்டர் என்றால் அரைமணி நடை. வெளிச்சமும் நடைபாதையும் இருந்தால் சமாளித்துவிடலாம். எட்டு கிலோமீட்டர் என்றால் வாடகைக் கார் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பூங்காவை விட்டு வெளியேறும் அந்த வேளையில் அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். பேருந்து ஒரு குறித்த நேரத்தில் புறப்படுகிறதா, அல்லது கடைசிப் பணியாளர் வெளியேறும்வரை காத்திருக்கிறதா என்பது நான் கேட்கத் தவறிய ஒற்றைக் கேள்வி.

இரண்டாம் ஆண்டு, பூங்காவின் பின்வாயிலிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு பேர், நான்கு இரும்பு லாக்கர்கள், ஒரே ஒரு மேசை. எனக்குக் கீழ்க்கட்டில் கிடைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் மேல்கட்டிலின் கம்பி உச்சந்தலையில் இடிக்கும். ஆகவே படுத்தபடியோ குனிந்தபடியோதான் எதையும் செய்ய முடியும். ஒரு போர்வையைத் திரைபோல் மாட்டிக்கொண்டேன். விடுதிச் சோதனைக்கு வந்தவர், அது ஹீட்டரைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி ஓர் அடி தள்ளி மாட்டச் செய்தார். அந்த ஆறடிக்கு மூன்றடித் துணிக்குகைக்குள் நான் முந்தைய ஆண்டைவிட நன்றாகத் தூங்கினேன். பன்னிரண்டு மணிக்குள் படுக்கையில் இருந்தேன் என்பதே காரணம்.

பகிர்ந்த அறை என்றால் எவ்வளவு நெருக்கம் தாங்கும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுவோர்க்கு, அமெரிக்காவில் தற்காலிகத் தொழிலாளர் முகாம்களுக்கு வகுக்கப்பட்டுள்ள கூட்டாட்சி விதி உதவும். எல்லாப் பூங்கா விடுதிகளுக்கும் பொருந்தும் சட்டம் என்று இதை நான் சொல்லவில்லை. அளந்து பார்க்க ஒரு கோலாகச் சொல்கிறேன். படுக்கையறையில் ஆளுக்கு 50 சதுர அடி இடம் இருக்க வேண்டும்; சாதாரணக் கட்டில்களுக்கு இடையே 3 அடியும், இரண்டடுக்குக் கட்டில்களுக்கு இடையே 4 அடியும் விட வேண்டும்; கீழ்க்கட்டிலுக்கும் மேல்கட்டிலுக்கும் நடுவே குறைந்தது 27 அங்குலம் வேண்டும்; மூன்றடுக்குக் கட்டில் கூடாது. நான்கு பேர் அறை என்றால் 200 சதுர அடி, அதாவது பத்துக்கு இருபது. விடுதியின் அறை அளவைக் கேட்டு வாங்கி நான்கால் வகுத்துப் பார்த்தால், புகைப்படம் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடும்.

அதே விதியில் 15 பேருக்கு ஒரு கழிப்பறை, 10 பேருக்கு ஒரு ஷவர் என்றும் இருக்கிறது. பூங்கா விடுதியில் இந்தக் கணக்கைச் சற்றுக் கடுமையாகவே பார்க்க வேண்டும். சாதாரண விடுதியில் ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் ஒன்பது மணிக்கும் குளிப்பார்கள். இங்கோ பூங்கா மூடியதும் மொத்தத் தளமும் ஒரே அரைமணி நேரத்துக்குள் வியர்வையோடு வந்து சேரும். பத்துப் பேருக்கு ஒரு ஷவர் என்றால், ஆளுக்கு எட்டு நிமிடம் எடுத்தாலும் கடைசி ஆள் எழுபது நிமிடத்துக்கு மேல் நிற்பார். எங்கள் தளத்தில் கடைசி மூன்று பேருக்கு வெந்நீர் வந்ததில்லை. நான் பிற்பாடு காலையில் குளிக்கும் வழக்கத்துக்கு மாறிக்கொண்டேன். இரவில் கால்களை மட்டும் கழுவிக்கொண்டு படுத்துவிடுவேன். துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். பெரும்பாலும் இரண்டு சீருடைகளே தருவார்கள். ஒன்று உடம்பில், ஒன்று அழுக்குக் கூடையில். அறுபது பேருக்கு மூன்று இயந்திரங்கள் இருந்து, அவற்றில் ஒன்று பழுதாகிவிட்டால், நள்ளிரவு ஒரு மணிக்கு ஈரத் துணியோடு காத்திருக்க நேரும். எத்தனை இயந்திரங்கள் என்பது சிறிய கேள்வி போலத் தோன்றினாலும் அதுவும் தூக்கத்தைப் பற்றிய கேள்விதான்.

அறைத்தோழர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நல்லவரா, சண்டைக்காரரா, சுத்தமானவரா என்று. என் அனுபவத்தில் குணத்தைவிட ஷிப்ட்தான் முக்கியம். எங்கள் நால்வரில் ஒருவர் இரவுத் துப்புரவுப் பிரிவில் இருந்தார். மிக மென்மையான மனிதர். காலை ஆறு மணிக்கு வந்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடப்பார். ஆனால் அவர் தூங்கத் தொடங்கும் நேரத்தில் எங்களுடைய அலாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். ஒரு மாதத்தில் அவருடைய முகமே மாறிப்போயிற்று. உறங்கும் அறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும், திடீர் ஒலிகள் 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பகலில் நான்கு பேர் புழங்கும் அறையில் அது நடக்காத காரியம். இறுதியில் விடுதி அலுவலரிடம் நாங்கள் நால்வரும் சேர்ந்தே போய்ப் பேசினோம். அவரைத் துப்புரவுப் பிரிவினர் மட்டும் இருந்த அறைக்கு மாற்றினார்கள். நான்கு பேர் அறையானாலும், நால்வரும் ஒரே நேரத்தில் விளக்கை அணைப்பவர்கள் என்றால், ஷிப்ட் ஒத்துப்போகாத இருவர் அறையைவிட அது நிம்மதியானது. பல படிவங்களில் அறைத்தோழரை முன்மொழியும் கட்டம் ஒன்று இருக்கும். தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் அதைக் காலியாக விடாமல், "என் பிரிவைச் சேர்ந்தவர்களோடு அறை தரவும்" என்று எழுதுங்கள்.

பூங்காவை ஒட்டித் தங்குவதற்கும் ஒரு விலை உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. விடுமுறை நாளிலும் சன்னல் வழியே அதே இசை சுற்றிச் சுற்றிக் கேட்கும்; திறக்கும் முன் காலியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டத்தில், ரயிலை மேட்டில் ஏற்றும் சங்கிலியின் 'டக் டக்' ஓசை எழுப்பிவிடும். வாணவேடிக்கை உள்ள பூங்கா என்றால் அதுவும் சேரும். அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டு, முடிந்தால் சவாரிகளுக்கு எதிர்ப்பக்கத்தைக் கேளுங்கள். இதைவிடப் பெரிய சிக்கல், யாராவது வேலைக்கு வராவிட்டால் முதல் அழைப்பு அருகில் இருப்பவருக்கே வரும் என்பது. அந்த 1961-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் வரும் 'அழைத்தவுடன்' என்ற சொல்லின் முழுப் பொருளை நான் ஒரு விடுமுறை நாள் காலையில் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை, இன்று ஓய்வு, வர இயலாது என்று மரியாதையாகச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. மறுக்கத் தயங்குகிற இயல்புடையவர்கள் பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி, நடந்து சேரக்கூடிய தூரத்தில் இடம் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, வாடகை எவ்வளவு என்பதைவிட அது எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக வாராவாரம் சம்பளத்திலிருந்தே ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்வார்கள். உங்கள் சம்பளமோ மணிக்கணக்கில் வருவது. சீசன் தொடக்கத்தில் பூங்கா வாரஇறுதிகளில் மட்டும் திறந்திருக்கலாம். பலத்த காற்றிலும் இடியிலும் சவாரிகளை நிறுத்திவிட்டுப் பணியாளர்களை முன்னதாகவே அனுப்பிவிடலாம். அந்த வாரங்களில் சம்பளம் குறையும், பிடித்தம் குறையாது. ஆகவே வாடகையை ஜூலை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடாமல், மழை பெய்த ஒரு மே மாத வாரத்தின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனில் முதலாளி தரும் தங்குமிடத்துக்காகக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கழிக்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் போகும் நாட்டில் அத்தகைய வரம்பு உண்டா என்று பார்ப்பது பயன்தரும். முன்பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அறைக்குள் நுழைந்ததும், பையைக் கீழே வைப்பதற்கு முன், மெத்தை, சுவர், கதவு, சன்னல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.

அந்த மெத்தையின் தையல் ஓரங்களையும் அப்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். மைப்புள்ளி போன்ற கருந்தடங்கள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பொருள். சென்ற சீசன் முடிந்து அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததே என்று நம்பிவிடாதீர்கள். இரத்தம் இல்லாமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது அது. புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, லாக்கருக்குப் பூட்டு உண்டா, அறைக் கதவின் தாழ் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, வராந்தாவில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறதா என்பவையும் அந்த முதல் பத்து நிமிடங்களில் பார்க்க வேண்டியவை. என்னோடு வேலை செய்த பெண்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வாயில்வரை உள்ள பாதையை வந்து சேர்ந்த அன்றே இரவில் இருவராக நடந்து பார்த்தார்கள். அறையைவிட அந்தப் பாதையே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அவர்கள் செய்தது சரி.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும்: வேலை முடிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்? வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது இந்த ஏற்பாட்டின் மிகக் கடினமான பகுதி. என்னுடன் இருந்த ஒருவர் மூன்றாம் முறை தாமதமாக வந்ததற்காக நீக்கப்பட்டபோது, மறுநாள் நண்பகலுக்குள் வெளியேறச் சொன்னார்கள். அவருடைய பெட்டியை நாங்கள் மூவரும் சேர்ந்து வாயில்வரை தூக்கிச் சென்றோம். அன்றிரவு எங்கே தங்குவார் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வேலை ஒப்பந்தம் முடியும்போது குடியிருப்பை முடிவுக்குக் கொண்டுவருவதில் நாட்டுச் சட்டமும் வழக்கமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று அதே 1961-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. ஆனால் நள்ளிரவில் பெட்டியோடு நிற்பவருக்கு அதை எடுத்துப் படிக்க நேரம் இருக்காது. ஆகவே நான்கைந்து இரவுகள் வெளியே தங்குவதற்கான தொகையை முதல் மாதச் சம்பளத்திலேயே ஒதுக்கிவைத்து, அதைத் தொடாமல் இருங்கள். அமெரிக்காவில் மாணவர்களுக்கான கோடைகால வேலைத் திட்ட விசாவில் போகிறவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: தங்குமிடம் மாறினால் புதிய முகவரியைத் தம் திட்டப் பொறுப்பாளர் நிறுவனத்துக்குப் பத்து நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

தம்பி நேற்று மீண்டும் அழைத்தான். நான் சொன்னபடி சில கேள்விகளை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறான். அவர்களும் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். அபார்ட்மென்டுக்கான கடைசிப் பேருந்து பூங்கா மூடி நாற்பத்தைந்து நிமிடத்தில் புறப்படும், யாருக்காகவும் காத்திருக்காது. விடுதியில் சவாரிப் பிரிவினருக்கென்று தனித் தளம் இருக்கிறது. ஒரு தளத்தில் நாற்பது பேருக்கு ஆறு ஷவர்கள். வேலை முடிந்தவர்கள் காலி செய்ய மூன்று நாள் அவகாசம். "கிச்சன் போச்சேன்னுதான் கொஞ்சம் வருத்தம், அண்ணா. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா அபார்ட்மென்ட்ல அஞ்சரை மணி நேரம்தான் தூங்க முடியும், ஹாஸ்டல்ல ஏழே கால்" என்றான். நான்கு பேர் அறைக்கு டிக் செய்து, அறைத்தோழர் கட்டத்தில் தன் பிரிவின் பெயரை எழுதி அனுப்பிவிட்டான். கீழ்க்கட்டில் வேண்டும் என்றால் முதல் நாள் காலையிலேயே போய்ச் சேர வேண்டும் என்று சொன்னேன். அதற்கேற்பப் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான்.